சூட்டில் நின்ற வண்டி

பட்டினப்பாக்கம்
13 ஜூன் 2024

ராபர்ட்டுக்கு,

அன்புள்ள தம்பி என்று போடக் கை வரவில்லை. போடாமலே எழுதுகிறேன்.

நீ போன் செய்யாதே. உன் குரல் என் வீட்டுக்குள் கேட்கக் கூடாது. உன் பெண்டாட்டி எஸ்தர் மீன் வாங்க என் கடைக்கு வருகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் சொல்ல வேண்டும் என்றால் நீயும் எழுது. நான் ஐந்தாவது வரைதான். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

முந்தாநாள் என் மகள் ஜெனிதாவுக்கு முப்பதாம் நாள் பூசை. நீ கோயிலுக்கு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றதைப் பார்த்தேன். அடக்கத்தன்று நீ கொண்டுவந்த கோடித் துணியைப் பிடுங்கித் தெருவில் வீசினேன். தாய்மாமன் கோடி போடாமல் பெண்ணைக் குழியில் இறக்கிவிட்டாள் என்று இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்கு ஏன் வீசினேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது. வயிறு சொன்னது, வீசினேன். இப்போது தெரிகிறது.

ஸ்டேஷனில் கேஸ் பேப்பர் நகல் கொடுத்தார்கள். நான்கு நாள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடையாறு பாலத்தின் நடுவில் ஜெனிதா காரணம் இல்லாமல் மீன் வேனை நிறுத்தினாளாம். இறங்கிக் கையில் செல்போனோடு வண்டிக்குப் பின்னால் நின்றாளாம். பின்னால் வந்து மோதிய தண்ணீர் லாரிக்காரன் என்ன செய்வான் என்பது போல எழுதி இருக்கிறது. அதற்குக் கீழே உன் பேர். "வண்டியை நான்தான் பார்த்து வந்தேன், அதில் எந்தக் கோளாறும் இல்லை" என்று நீ சொன்னாயாம். கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

எந்தக் கோளாறும் இல்லையா?

மார்ச் மாதம் ஒரு தடவை, ஈஸ்டர் முடிந்து ஒரு தடவை, மே மாதம் முதல் வாரம் ஒரு தடவை. மூன்று தடவை அந்தப் பிள்ளை மந்தைவெளிக்கு உன் ஷெட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது தடவை நானும் கூட வந்தேன். "மாமா, நான் நிறுத்தல மாமா, அதுவா நிக்குது" என்று அவள் சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "கிளட்ச்ச ஒழுங்கா மிதிடி. வண்டி இன்னா உன் மேல கோவிச்சிக்கினு நிக்குதா?" என்றாய். அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இப்போது ஊரே சொல்கிறது, பெண்பிள்ளைக்கு எதற்கு வண்டி என்று. பாலத்தில் நிறுத்திப் போன் பேசினாள் என்று. அதற்கு சாட்சி நீ.

அவள் மூன்று தடவை சொன்னதற்கு நீ என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது.

தேசம்மா


மந்தைவெளி
17 ஜூன் 2024

பாசமுள்ள அக்காவுக்கு ராபர்ட் எழுதுவது.

எஸ்தர் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ என்ன திட்டினாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். பெற்றவள் நீ. ஆனால் தொழில் விஷயத்தில் நீ தெரியாமல் பேசக் கூடாது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தடவை வண்டி வந்தபோது ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். என்ஜினில் இரண்டு சென்சார் உண்டு அக்கா. மேலே கேம் சென்சார், கீழே கிராங்க் சென்சார். என்ஜின் எந்த நிமிஷம் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று இரண்டும் சேர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று அது முடிவு செய்யும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. மேலே இருந்ததை மாற்றினேன். செயின் தளர்ந்து டைமிங் மாறியிருக்குமோ என்று மூடியைக் கழற்றியும் பார்த்தேன். குறிகள் நேராக இருந்தன. நான் சும்மா விடவில்லை.

இரண்டாவது தடவை வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி வைத்து, மறுநாள் காலையில் முதல் வேலையாக ஸ்டார்ட் செய்தேன். ஒரே செல்ஃபில் பிடித்தது. நானே மடம் ரோடு வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தேன். ஒரு உதறல் இல்லை. ஸ்கேனரில் வந்த எரர் கோடை அழித்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவையும் அப்படித்தான்.

விபத்துக்கு அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பின்பக்கம்தான் நசுங்கியிருந்தது, என்ஜினுக்கு அடி இல்லை. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. நீயே யோசி, கோளாறு உள்ள வண்டி அப்படி ஸ்டார்ட் ஆகுமா? ஸ்டேஷனில் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன். ஜெனியை நான் குறை சொல்லவில்லை. புதுசாக ஓட்டுகிற யாருக்கும் டிராஃபிக்கில் வண்டி ஆஃப் ஆவது சகஜம்.

நான் அவளுக்குத் தாய்மாமன். அவளுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள். எனக்கு வலிக்காதா?

உன் தம்பி
ராபர்ட்


பட்டினப்பாக்கம்
22 ஜூன் 2024

ராபர்ட்டுக்கு,

புதுசாக ஓட்டுகிற யாருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அவள் நான்கு வருஷமாக ஓட்டினாள். நான் தலையில் கூடை வைத்து வீடு வீடாகப் போன அதே அடையாறு, பெசன்ட் நகர், தி. நகர் எல்லாம் அவள் அந்த வண்டியில் போய்த்தான் ஃபிளாட் ஃபிளாட்டாக மீன் கொடுத்தாள். பாண்டி பஜார் நெரிசலில் ஒரு கீறல் இல்லாமல் போய்வந்தவள். வண்டி மேல் அவள் பேரை அவளே பெயின்டில் எழுதினாள். புதுசாம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று ஐஸ் அவுஸ் ஏரியாவுக்குப் போனேன். என்னிடம் சங்கரா மீன் வாங்கும் அன்வரி பேகத்தின் வீட்டுக்காரர் ஷரஃபுதீன் பாய் அங்கே ஷெட் வைத்திருக்கிறார். உன் பேர் சொல்லவில்லை, பயப்படாதே. ஒரு மெக்கானிக் இப்படிச் சொல்கிறான் என்று படித்துக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"இன்னாம்மா, வண்டி எப்போ நிக்கும்? எட்த்த எட்ப்புலயா, ஓடினப்புறமா?"

"நாலஞ்சு வீடு குட்த்தப்புறம் பாய். வெயில் ஏறினப்புறம்."

"நின்னா ஒடனே ஸ்டார்ட் ஆவுதா?"

"ஆவாதாம். பத்து நிமிசம் சும்மா வுட்டா தானா ஆவுமாம். என் பொண்ணு சொல்லிக்கினே இருந்தா."

"அப்ப அது மேல கீற சென்சார் இல்லமா. கீழ கீறது. உள்ள முடி மாரி கம்பி சுத்தி வெச்சிருப்பான். சூட்ல அது வுட்டுப் போவும், ஆறினா ஒட்டிக்கும். காலைல ஜில்லுனு கீறப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா ஜென்மத்துக்கும் தெரியாது."

"மெக்கானிக்குத் தெரியாதா பாய் இது?"

அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். "தெரியும்மா. ஓட்றவங்க சொல்றத கேட்டா தெரியும்."

ராபர்ட்டு, உன் கையால் எழுதியதை நீயே எடுத்துப் படி. ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்தேன் என்கிறாய். வெயிலில் ஓட்டினால் நிற்கிறது என்று அவள் சொன்னாள், நீ குளிர்ந்த வண்டியை ஓட்டிப் பார்த்தாய். உச்சி வெயிலில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து பெசன்ட் நகர் வரைக்கும் போய்வர உனக்கு முடியவில்லையா? போயிருந்தால் உன் கண் முன்னாலேயே நின்றிருக்குமே. அந்த வண்டியில் உனக்கு ரிப்பேர் பார்க்கத் தோன்றவில்லை. அவள் காலில்தான் ரிப்பேர் பார்த்தாய்.

மேலே இருந்த சென்சாரை நீ ஏன் மாற்றியிருப்பாய் என்று பாயிடம் கேட்டேன். கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது, அதனால் என்றார். கீழே இருப்பதைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுக்க வேண்டுமாம்.

வண்டி இன்னும் ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில்தான் நிற்கிறது. நீ போ. அடியில் படு. அந்தச் சென்சாரைக் கழற்று. சுடுதண்ணீரில் போட்டு மீட்டர் வைத்துப் பார் என்று பாய் சொன்னார். அவர் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். நீதான் பார்க்க வேண்டும்.

தேசம்மா


மந்தைவெளி
2 ஜூலை 2024

அக்கா,

பத்து நாள் ஆகிவிட்டது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். எஸ்தர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உன் கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனேன். ஏட்டிடம் சொல்லிக் கேட்டேன். அவர் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வண்டிக்குப் பின்னால் நான் போகவில்லை. முன்பக்கமாகவே படுத்து அடியில் நுழைந்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இருக்கும் அது. ஒரே ஒரு போல்ட்டு. எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை அக்கா.

மீட்டர் வைத்தேன். எண்ணூற்று எழுபது ஓம் காட்டியது. நல்ல சென்சார் அப்படித்தான் காட்டும். எனக்கு உயிர் வந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான் பட்டேன். அப்புறம் எதிர் டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் ஒரு குண்டான் வாங்கி, சென்சாரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே விட்டேன். எண் மெல்ல ஏறியது. சூட்டில் கொஞ்சம் ஏறும், அது தப்பில்லை. ஆயிரத்தைத் தாண்டியது. ஏழாவது நிமிஷம் மீட்டரில் எண்ணே இல்லை. உள்ளே கம்பி விட்டுப் போச்சு. வெளியே எடுத்து வைத்தேன். பதினொரு நிமிஷம் கழித்துத் திரும்ப எண்ணூற்று எழுபது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியே. ஏட்டு கேட்டார், "இன்னாப்பா, மேஜிக் காட்றியா?" என்று. நான் சென்சாரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது சரி. அதுவாகத்தான் நின்றது.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எஸ்தரிடமும் சொல்லவில்லை. அவள் கையில் போன் இருந்தது என்று கேஸில் எழுதியிருக்கிறது அல்லவா. அவள் எனக்குத்தான் அடித்தாள். 11.38, 11.39, 11.41. மூன்று கால். ஞாயிற்றுக்கிழமை. கை நிறைய வேலை என்று உன்னிடம் சொல்லலாம். வேலை இல்லை. ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜெனி என்று பேர் வந்தது. "திரும்ப ஆரம்பிச்சிட்டாடா, இவ கிளட்ச்சு புராணத்த" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு நானே கட் செய்தேன். மூன்று தடவையும் கட் செய்தேன்.

அன்றைக்கு சாயந்திரம் ஸ்டேஷனில் கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வண்டியில் கோளாறு இல்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்ப முடியவில்லை.

இப்போது போய் மாற்றிச் சொன்னால் பொய் வாக்குமூலம் என்று என் மேல் கேஸ் போடுவார்கள். ஷெட்டுக்கு ஒருத்தனும் வண்டி விட மாட்டான். நீ அதை விரும்பமாட்டாய் என்று நம்புகிறேன். அம்மா சாகும்போது என் கையை உன் கையில்தான் பிடித்துக் கொடுத்தாள். உன் மனசுக்கு உண்மை தெரிந்துவிட்டது, அது போதாதா? படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு அக்கா.

ராபர்ட்


பட்டினப்பாக்கம்
3 ஜூலை 2024

கிழிக்க மாட்டேன்.

என் மனசுக்குத் தெரிந்தால் போதுமா? என் மனசுக்கு எப்போது தெரியாமல் இருந்தது? ஊருக்குத் தெரிய வேண்டும். நேற்றுக்கூட பக்கத்துக் கடை ஆரோக்கியமேரி ஒரு வாடிக்கையிடம் சொல்கிறாள், என் காது கேட்கவே சொல்கிறாள். "பாவம், போன் பேசத் தெரிஞ்ச அளவுக்கு அந்தப் பொண்ணுக்கு வண்டி ஓட்டத் தெர்ல." நான் வெட்டிக்கொண்டிருந்த வஞ்சிரத்தை அப்படியே அவள் தட்டில் வீசினேன். "யார் கிட்ட பேசினானு உனுக்குத் தெரியுமாடி?" என்று கத்தினேன். எனக்கே அப்போது தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து எஸ்தர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தாள்.

அவள் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் நின்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நீ டீ குடித்தாய்.

இந்தக் கடிதத்தை நானே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகலாம். கோடியைத் தெருவில் வீசிய அக்கா தம்பி மேல் வஞ்சம் தீர்க்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நான் போகப்போவதில்லை. நீ போட்ட கையெழுத்தை நீதான் மாற்ற வேண்டும். சென்சாரை எடுத்துக்கொண்டு போ. அங்கேயே சுடுதண்ணீர் வைத்துக் காட்டு. உன் போனையும் காட்டு. மூன்று காலையும் காட்டு.

அம்மாவை இழுக்காதே. உன் கையைப் பிடித்துக் கொடுத்தவள் நீ செய்கிறதையெல்லாம் மூடி வைக்கச் சொல்லவில்லை.

ஷெட்டை மூடினால் மூடட்டும். எனக்கு மூட இனி ஒன்றும் இல்லை.

தே.


மந்தைவெளி
10 ஜூலை 2024

அக்கா,

நேற்று காலையில் போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் எழுதிக் கொடுத்தேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். எஸ்தரும் கூட வந்தாள்.

சென்சாரை அவர் மேஜையிலேயே வைத்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. "இம்மாந்துண்டு சாமானா வண்டிய நிறுத்திச்சு?" என்றார். மீட்டரில் எண் போனதும் குனிந்து பார்த்தார். பிரேக் இன்ஸ்பெக்டரை மறுபடி வரவழைத்து வண்டியை முழுதாகப் பார்க்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். ஓடும்போது தானாக நின்றதால் பின்னால் வருபவர்களை எச்சரிக்க இறங்கியிருக்கிறாள், உதவிக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று என் வாக்குமூலத்தில் இருக்கிறது. லாரிக்காரனைத் திரும்ப விசாரிப்பார்களாம்.

என் மேல் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. "இத அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு இன்னாய்யா கேடு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கேட்கட்டும்.

ஷெட்டில் நேற்றிலிருந்து இரண்டு வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உன்னிடம் ஒன்றும் கேட்க எனக்கு வாய் இல்லை.

ராபர்ட்


பட்டினப்பாக்கம்
14 ஜூலை 2024

ராபர்ட்டுக்கு,

நகலை வாங்கிக்கொண்டேன். இன்று ஞாயிறு, கடையில் கூட்டம். வெட்டுக் கட்டை மேல் ஏறி உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை. மீன் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். "தானாக நின்றது" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஆரோக்கியமேரி தலையைக் குனிந்து மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். படித்து முடித்ததும் வந்து என் காலைப் பிடித்தாள். உதறிவிட்டேன். "என் கால இன்னாத்துக்குப் புடிக்கற? கல்லறைக்குப் போயி அவ கிட்ட சொல்லு" என்றேன். போகிறேன் என்றாள்.

நீ செய்தாய். செய்ய வேண்டியதைத்தான் செய்தாய், அதற்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். உன்னை மன்னித்தேன் என்றும் எழுத மாட்டேன், அது வரவில்லை. எஸ்தர் வரட்டும். நீ வராதே. இப்போதைக்கு வராதே.

இதோடு நிறுத்தத்தான் இருந்தேன். கூட்டம் கலைந்ததும் கடையிலேயே உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வண்டி வேண்டாம் என்றாள். ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றின பிறகு சொன்னாள். "எம்மா, இன்னிக்கு ஆட்டோ வெச்சிக்கினு குட்த்துட்டு வந்துர்றேன். எனக்கு இந்த வண்டி மேல நம்பிக்கையே இல்ல. வெயில் ஏறினா நடு ரோட்ல கழுத்தறுக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க மாமன் பாத்து ஓகேன்னு சொல்லிட்டாரு. இருவது வருசமா வண்டிக்கு அடில கெடக்கற மனுசனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா? ஐஸு கரையுது, கெளம்புடி."

சாவியை நான்தான் அவள் கையில் திணித்தேன். வண்டியில் ஏறிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் ஷெட்டில் அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன் ராபர்ட்டு. முதல் கடிதத்தில் அதை எழுதவில்லை.

நீ ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டாய். உனக்கு ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார், மேஜை இருந்தது, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டுத் திட்ட ஆள் இருந்தது. நான் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது? யார் என்னைத் திட்டுவார்கள்? எல்லாரும் பாவம் பெற்றவள் என்றுதான் சொல்கிறார்கள்.

அதனால் உன்னிடம் எழுதிவிட்டேன். வைத்துக்கொள். கிழிக்காதே. பதில் போடாதே.

உன் அக்கா
தேசம்மா